மில் சுவரில் ஒரு மைனா

அத்தியாயம் 11

வெள்ளிமலைச் சந்தைச் சுவரில் பல்பொடி விளம்பரம் எழுதப் போன என் வீட்டுக்காரர் சொன்ன நாளில் திரும்பவில்லை. அதற்குள் கீழே எங்கள் ஊரில் இட ஒதுக்கீட்டு மறியல் தொடங்கிவிட்டது. முதல் நாள் பொழுது சாயும் நேரத்தில் மகன் தமிழரசன் கையெல்லாம் நீலக் கறையோடு ஓடிவந்தான். நேராக வீட்டுக்குள் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். போன வாரம் கதையை அங்கேதான் நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் விடிந்தது. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பஸ் சத்தம் இல்லை. லாரி இல்லை. அந்த ரோட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்த அமைதியின் கனம் தெரியும். குளிக்கிற சத்தம், பல் தேய்க்கிற சத்தமெல்லாம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஏட்டு வீரமுத்து சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி அவர் காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. சைக்கிளை இறக்கிவிட்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஓட்டறதுக்கு வாங்கின சைக்கிள்ம்மா இது. ரெண்டு நாளா நான்தான் அதைத் தூக்கிக்கினு திரியறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

"கொளஞ்சி எங்க?"

"மலைக்குப் போனவரு. இன்னும் வரலைங்க."

"மலையில இருக்கிற ஆளு பேரு ரைஸ்மில் செவுத்துல எப்படிம்மா வரும்?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொம்பைத் திண்டில் வைத்தார்.

"மில் செவுத்துல மறியலுக்காரங்க எழுதியிருக்காங்க. 'கேட்பது பிச்சையல்ல, எங்கள் பங்கு'ன்னு. அந்த எடத்துலதான் நேத்து மரத்தை வெட்டிச் சாச்சாங்க. ஜீப்பு மேல கல்லு வுழுந்ததும் அங்கதான். எழுதினவன் யாருன்னு கேட்டா ஊர்ல ஒருத்தனும் வாய் தொறக்கல. தொறக்க வேண்டிய அவசியமே இல்ல. கீழயே பேரு போட்டிருக்குது. கொளஞ்சி ஆர்ட்ஸ், மைனா பொம்மையோட."

என் கையிலிருந்த வாளி சாய்ந்து பாதித் தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது.

"அவரு எழுதலன்னா உன் புள்ள எழுதியிருக்கணும். ரெண்டுல ஒண்ணு. இன்ஸ்பெக்டர் உளுந்தூர்பேட்டைப் பக்கம் மாட்டிக்கினு இருக்காரு. சாயங்காலத்துக்குள்ள எப்படியாவது வந்துடுவாரு. வந்தா நேரா அந்தச் செவுத்துகிட்டதான் போவாரு." குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணு கல்யாணத்துக்கு உன் வூட்டுக்காரருதான் போர்டு எழுதினாரு. அதுக்காகச் சொல்லிட்டுப் போறேன். நான் சொன்னதா இருக்க வேணாம்."

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

*

இந்த இடத்தில் பேர் போடுகிற விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்று நான் பதறிய பதற்றம் உங்களுக்குப் புரியாது.

என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் மீசை முளைக்காத வயதில் சிவகாசிக்குப் போனவர். அங்கே ஒரு கல் அச்சுக்கூடத்தில் போஸ்டர் வரைந்தார். கல்லில் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். அந்தப் பழக்கத்தில் கல்யாணமான புதிதில் என் கையைப் பார்த்துவிட்டு, இடது கை வளையலை வலது கையில் போட்டு வரைந்துவிட்டார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. வேறு எவளோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வரைந்த முதல் போஸ்டர் மைனா மார்க் பல்பொடி. ஒரு பெண் சிரிக்கிறாள், அவள் தோளில் மைனா உட்கார்ந்திருக்கிறது. தென்னாற்காடு ஜில்லாவில் அது தொங்காத மளிகைக்கடை இல்லை. திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் அந்தப் பெண்ணுக்கு யாரோ பொட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். போஸ்டரின் அடியில் கம்பெனி பேர் இருந்தது. அச்சுக்கூடத்தின் பேர் இருந்தது. வரைந்தவர் பேர் இல்லை. கேட்டதற்கு, "கூலி வாங்கினல்ல?" என்றார்களாம்.

அதற்குப் பிறகுதான் அவர் ஊருக்குத் திரும்பி சுவருக்கு வந்தார். உரம், சோப்பு, பீடி, பம்புசெட்டு என்று எதை எழுதினாலும் வலது மூலையில் 'கொளஞ்சி ஆர்ட்ஸ், கள்ளை' என்று எங்கள் ஊர்ப் பேரையும் சுருக்கிப் போட்டு, பக்கத்தில் ஒரே இழுப்பில் ஒரு மைனா வரைவார். அடுத்த வேலை அந்தப் பேரைப் பார்த்துத்தான் வரும்.

எல்லாக் கட்சிக்காரர்களும் அவரிடம்தான் வருவார்கள். எல்லோருக்கும் எழுதுவார். ஆனால் கட்சிச் சுவரில் பேர் போட மாட்டார். "சரக்குக்குப் பேரு போடலாம். சண்டைக்குப் போடக் கூடாது" என்பார். அந்தச் சட்டத்தை அவர் மீறி நான் பார்த்ததில்லை.

மீறக்கூடியவன் ஒருத்தன்தான் எங்கள் வீட்டில் இருந்தான்.

*

"எழுந்திர்றா."

தமிழரசன் தவிட்டுத் தூசியோடு எழுந்து உட்கார்ந்தான். ஏட்டு சொன்னது முழுவதும் அவன் காதில் விழுந்திருந்தது.

"எழுதினேன். ஒத்துக்கறேன். ஆனா பேரு போடலம்மா."

"உனக்கே தெரியாம கை போட்டிருக்கும்."

"போடல."

"போன வருசம் முனிசிபாலிட்டி செவுத்துல 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்'னு எழுதிட்டு, கீழ கொளஞ்சி ஆர்ட்ஸ்னு போட்டுட்டு வந்தது யாரு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கதை ஊருக்கே தெரியும். டீக்கடையில் என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்தால், "மைனாக்காரரே, உம்ம பேர் மேலயே எல்லாரும் போறானுங்க" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "அப்படியாவது மூலை வரைக்கும் படிக்கிறானுங்களே" என்பார்.

"அப்போ கை தன்னால போட்டுது. ஒத்துக்கறேன்," என்றான். "ஆனா நேத்து பேரு போடற அளவுக்கு நான் எழுதவே இல்ல. ரெண்டு வரிக்கும் சாக்பீஸ் கோடு போட்டேன். 'கேட்பது பிச்சையல்ல'ன்னு மேல் வரிக்கு மட்டும் பெயிண்ட் குடுத்தேன். ஜீப்பு சத்தம் கேட்டுது. பிரஷ், டப்பா எல்லாத்தையும் வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"அப்போ 'எங்கள் பங்கு'ன்னு ஏட்டு படிச்சாரே, அதை யாரு எழுதினது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

நான் நம்பவில்லை. பயத்தில் இருக்கிறவன் சொல்வதில் பாதிதான் நடந்ததாக இருக்கும். ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டு, மார்க் இருந்தும் இடம் கிடைக்காத நாளிலிருந்து அவன் கோபத்தில் இருந்தான். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கோபத்துக்குக் கீழே வீட்டுக்காரர் பேரை யார் போடச் சொன்னது?

"கொளஞ்சியப்பர் கோயில்ல போய்ப் பிராது கட்டப்போறேன்," என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"யார் மேல கட்டுவ?"

சாமியிடம் சீட்டில் எழுதிக் கட்டுகிற முறையீடு அது. எதிரி இன்னார் என்று எழுதாமல் பிராது கட்ட முடியாது.

*

பானையில் ஊறிக்கொண்டிருந்த சுண்ணாம்பை வாளியில் ஊற்றினேன். வெள்ளையடிக்கிற மட்டையடி பிரஷ் ஒன்றை அதற்குள் போட்டு மேலே வைக்கோலைத் திணித்தேன். பேரை மட்டும் அழித்துவிட்டால் போதும். பேர் இல்லாத சுவரை வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? எழுத்து யார் கை என்று ஊரில் எவனும் சொல்ல மாட்டான்.

கிளம்பும்போது பின்வாசலில் ராஜதுரை நின்றான். மலையில் என் வீட்டுக்காரர் தங்குகிற செல்லன் வீட்டுப் பிள்ளை. தலையில் அவருடைய கலர்ப் பெட்டி.

"அக்கா, அண்ணன் வந்துட்டாரா?"

"எங்கடா வந்தாரு?"

"நேத்தே எறங்கிட்டாரே! போலீஸ் பசங்களைப் புடிச்சிக்கினு போவுதுன்னு சந்தையில பேசிக்கினாங்க. கேட்டவரு பிரஷ்ஷைக் கழுவக்கூட இல்ல. செவுரு பாதியில நிக்குது. பல்பொடிப் பொண்ணுக்கு இன்னும் வாயே வெக்கல. பெட்டியைப் பையன் தூக்கியாருவான், நீ போன்னு எங்கப்பாரு அவரை அனுப்பி வெச்சாரு."

எழுதத் தொடங்கிய சுவரை அவர் பாதியில் விட்டதே இல்லை. மழை வந்தால் கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு முடித்துவிட்டுத்தான் இறங்குவார்.

"காட்டு வழியா வந்தியா, ரோட்டு வழியா?"

"காட்டு வழிதான். ரோட்டுல எங்க வர்றது?" ராஜதுரை உள்ளே எட்டிப் பார்த்தான். தமிழரசனைக் கண்டதும் சிரித்தான். "இன்னா தமிழு, உங்களுக்கு ரோடு இருக்குது, மறிக்கிறீங்க. எங்களுக்கு மறிக்கிறதுக்கு ஒரு ரோடாவது போட்டுக் குடுங்கப்பா."

தமிழரசனும் சிரித்துவிட்டான். இரண்டு நாளில் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது.

ராஜதுரைக்குக் கூழ் ஊற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். இறங்கியவர் வீட்டுக்கு வராமல் எங்கே போனார்? ஒரு பயத்தோடு கிளம்பியவளுக்கு இப்போது இரண்டு பயம்.

*

மில் சுவர் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரம். முன்னால் இரண்டு புளியமரங்கள் இருந்தன. ஒன்று ரோட்டின் குறுக்கே இலையோடு கிடந்தது. அதைத் தாண்டுவதற்குள் புடவை கிழிந்தது.

சுவரைப் பார்த்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுதுகிற எத்தனையோ சுவர்களில் நான் நூல் பிடித்திருக்கிறேன். நீலத்தில் தோய்த்த நூலின் ஒரு நுனி என் கையில், மறு நுனி அவர் கையில். அவர் நடுவில் சுண்டுவார்; சுவரில் கோடு விழும். அதனால் எழுத்தைப் படிக்கும் முன்பே அது யார் கை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

மேல் வரி தமிழரசன். அவசரம். பெயிண்ட் வழிந்த இடங்களைத் துடைக்கவில்லை.

கீழ் வரியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

சாக்பீஸ் கோடு தமிழரசன் போட்டதுதான். ஆனால் பெயிண்ட் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. 'ங்' கொஞ்சம் ஒல்லியாக இருந்ததைப் பருக்க வைத்திருந்தது. 'கு'வின் வளைவைக் கோட்டுக்கு வெளியே இழுத்து நிமிர்த்தியிருந்தது. மகன் போட்ட கோட்டைத் திருத்தித் திருத்திக்கொண்டே ஒரு பிரஷ் போயிருந்தது.

மூலையில் மைனா. அவர் மைனாவை வாலில் தொடங்கி மூக்கில் முடிப்பார். அதனால் வால் தடிப்பாக இருக்கும், மூக்கு நூலாக மெலிந்து நிற்கும். தமிழரசன் மூக்கில் தொடங்குவான். அவன் மைனாவுக்கு மூக்குதான் தடிப்பு. காக்காய் மாதிரி இருக்கிறது என்று அவர் திட்டுவார்.

இந்த மைனாவுக்கு வால் தடிப்பாக இருந்தது.

"வைக்கோலைத் திணிச்சிட்டா வாளியில சுண்ணாம்பு இருக்கறது தெரியாதா? புடவையெல்லாம் வெள்ளை."

நின்றுகொண்டிருந்த புளியமரத்தின் வேரில் அவர் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து சிவந்திருந்தது. மலையிலிருந்து நடந்தே வந்த கால்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. முந்தானையால் அவர் கால் புழுதியைத் துடைத்தேன்.

"வூட்டுக்கு வராம இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"விடியகாலையில இந்த வழியா வந்தேன். டப்பா கவுந்து கெடக்குது. நம்ம பிரஷ்ஷு. மேல பார்த்தா பாதி வரி. எழுதினவன் ஓடியிருக்கான்னு தெரிஞ்சுது. செவுத்தைப் பாதியில வுட்டா மனசு ஒப்புமா?"

"எழுதுனதுதான் எழுதுனீங்க. பேரை ஏன் போட்டீங்க? கட்சிச் செவுத்துல போடக் கூடாதுன்னு சொன்ன ஆளு நீங்கதானே?"

அவர் செருப்பின் வாரைத் தளர்த்தினார்.

"பேரு இல்லன்னா இன்னா பண்ணுவாங்க? எழுதுனவனைத் தேடுவாங்க. நேத்து சாயங்காலம் நீலக் கையோட ஓடினவனை எத்தினி பேரு பார்த்திருப்பாங்க? தேடினா அவன் கெடைப்பான். பேரு இருந்துதுன்னா என்னைத் தேடுவாங்க. நான்தான் தோ, இங்கயே இருக்கேனே."

நான் வாளியைப் பார்த்தேன். அதில் இருந்த சுண்ணாம்பு ஒரு பேருக்குப் போதும். அழித்தால் இவர் தப்பிப்பார், அவன் மாட்டுவான். விட்டால் அவன் தப்பிப்பான், இந்த வீங்கின காலோடு இவர் போவார். ஒரு பெண்பிள்ளை கையில் இப்படி ஒரு வாளியை யாரும் கொடுக்கக் கூடாது.

"உங்களை அடிப்பாங்க."

"என் வயசுக்கு ஜாஸ்தி அடிக்க மாட்டாங்க. அவன் வயசுக்கு அடிப்பாங்க. கேசுன்னு ஒண்ணு வுழுந்துட்டா, நாளைக்கு இடமே கெடைச்சாலும் அவனுக்கு வேலை குடுப்பானா?"

"ஏட்டு வந்து பார்த்தாரே, அப்பவே சொல்லியிருக்கலாமே."

"வாய்க்கால்ல கால் கழுவிக்கினு இருந்தேன். கூப்பிடறதுக்குள்ள சைக்கிளைத் தூக்கிக்கினு ஓடிட்டாரு." லேசாகச் சிரித்தார். உடனே அந்தச் சிரிப்பும் களைத்துப்போயிற்று. "வஜ்ஜிரப் பசையில தண்ணியை ஜாஸ்தியாக் கலந்து வெச்சிருக்கான் உன் புள்ள. காய நேரம் புடிக்குது. காஞ்சதும் நானே ஸ்டேஷனுக்குப் போறேன். ஈரத்துல எவனாவது கையை வெச்சி இழுத்துட்டா அசிங்கமாப் போயிடும்."

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இடுப்பு வேட்டியில் செருகியிருந்த துணிச் சுருளை எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே அவருடைய அணில்வால் பிரஷ். முகம் வரைவதற்கென்று தனியாக வைத்திருப்பது. யாரையும் தொட விட மாட்டார். என்னைக்கூட.

"மலையில செவுரு பாதியில நிக்குது. ராஜதுரை வந்தா அவனோட தமிழை அனுப்பு. அந்தப் பொண்ணுக்கு வாய் வெச்சி முடிச்சிட்டு, இங்க சத்தம் அடங்கற வரைக்கும் செல்லன் வூட்டுலயே இருக்கட்டும். நான் எழுதினேன்னு அவன்கிட்ட சொல்லாத. காட்டு வழியாவே போவச் சொல்லு. இந்தப் பக்கம் வர வேணாம்."

நான் எழுந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, மகன் எழுதிய மேல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பிரஷ் இருந்திருந்தால் அதையும் திருத்தியிருப்பார்.

*

வீட்டுக்கு வந்து வாளியை வாசற்படி ஓரம் வைத்தேன். சுண்ணாம்பு தளும்பாமல் அப்படியே இருந்தது.

"அழிச்சிட்டியாம்மா?" என்றான் தமிழரசன்.

"அதைப் பத்திக் கேக்காத. சாப்புட்டுக் கெளம்பு. ராஜதுரையோட மலைக்குப் போ. அப்பா சொல்லி அனுப்பியிருக்காரு. செவுரு பாதியில நிக்குது."

"அப்பாவைப் பார்த்தியா? எங்க?"

"வழியில."

"வழியிலன்னா?"

"வழியிலன்னா வழியிலதான்டா. கால் வலின்னு உக்காந்திருக்காரு. மெதுவா வருவாரு."

துணிச் சுருளை நீட்டினேன். பிரித்துப் பார்த்தவன் பிரஷ்ஷைத் தொடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். ராஜதுரை கூழ்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

"இதை ஏம்மா எனக்குக் குடுத்தாரு?"

"பொண்ணுக்கு வாய் வெக்கணும்ல. மட்டையடி பிரஷ்ஷுலயா வெப்ப?"

ஒரு துண்டு, ஒரு வேட்டி, கொஞ்சம் அவல். மூட்டை கட்டி, கலர்ப் பெட்டியோடு கொடுத்தேன். மத்தியானச் சாப்பாடு முடித்து வாசல்வரை போனவன் திரும்பினான். இவ்வளவு நடந்த பிறகும் அவனுக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

"முடிச்சிட்டுக் கீழ யாரு பேரைம்மா போடறது?"

அவரிடம் நான் அதைக் கேட்டு வரவில்லை. கொளஞ்சி என்கிற பேரை அன்றைக்கு இன்னொரு சுவரில் நினைத்துப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை.

"உன் பேரைப் போடு," என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சரி என்று தலையாட்டினான். உள்ளே ராஜதுரைக்கு ஊறுகாய் மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஏதோ உலோகம் இடறும் சத்தம் கேட்டது. நாய் என்று நினைத்தேன். ராஜதுரை தனியாக ஓடி வந்து ஊறுகாயை வாங்கிக்கொண்டான்.

"அவன் எங்கடா?"

"முன்னால போயிட்டான்க்கா. வாய்க்கா முனையில நிக்கறேன், வந்துடுன்னான்."

*

மாலையில் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. யாருக்காகச் சமைப்பது என்று தெரியவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் சைக்கிள் வைக்கிற சத்தம் கேட்டது.

ஏட்டு வீரமுத்து உள்ளே வராமல் நின்றார்.

"உன் வூட்டுக்காரரு மத்தியானமே ஸ்டேஷனுக்கு வந்துட்டாரும்மா. நான்தான் எழுதினேன், என் பேருதான் போட்டிருக்கேன்னு சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்துக்கினாரு. டீ வாங்கிக் குடுத்தேன். குடிச்சாரு."

"அடிச்சாங்களா?"

"இல்லம்மா. ஒருத்தரும் தொடல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்ஸ்பெக்டர் இப்பதான் வந்தாரு. செவுத்தைப் பார்க்கணும்னு உன் வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு போனாரு. நானும் போனேன். போய்ப் பார்த்தா..."

"பார்த்தா?"

"காலையில நான் பார்த்த பேரு அங்க இல்லம்மா. அது மேல சுண்ணாம்பு அடிச்சிருக்குது. இன்னும் ஈரம் காயல. அது மேலயே தமிழரசன்னு எழுதியிருக்குது. மைனாவை மட்டும் தொடல. கொளஞ்சின்னு சொன்னியே, நீ இன்னா குருடான்னு இன்ஸ்பெக்டர் என்னைக் கேக்குறாரு. நான் இன்னா சொல்றது?"

நான் வாசற்படி ஓரம் பார்த்தேன். வாளி இல்லை. வட்டமாகச் சுண்ணாம்புத் தடம் மட்டும் இருந்தது.

"அவரு இன்னா சொன்னாரு?" என்றேன். 

"இன்ஸ்பெக்டர் கேட்டாரு, இது யாரு எழுதினதுன்னு. உன் வூட்டுக்காரரு செவுத்துகிட்ட போய்க் குனிஞ்சு பார்த்தாரு. அப்பறம், 'ழவுக்குக் கால் பத்தல'ன்னாரு. அவ்வளவுதான்.  கண்ணு மட்டும் தண்ணியா ஊத்துது."

ஏட்டு சைக்கிளைத் திருப்பினார். தூக்கப் போனவர் நின்றார்.

"அவரை வுட மாட்டாங்க, புள்ள கெடைக்கற வரைக்கும். மலைப் பக்கம் போனதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்காங்க. விடிஞ்சதும் மலைக்கு ஆள் போவுது. அங்க எந்த ஊர்ல இருக்கான்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கற மாதிரி எதுவும் இல்லாம இருந்தா சரி."

அவர் போன பிறகும் நான் அதே இடத்தில் நின்றேன். வெள்ளிமலைச் சந்தை. மலைக்காரர்கள் அத்தனை பேரும் கூடுகிற இடம். அங்கே ஒரு பெரிய சுவர். பல்பொடிப் பெண்ணுக்கு வாய் வைத்து முடித்ததும் வலது மூலையில் அவன் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியும். எழுதச் சொன்னதே நான்தான்.

அடுப்படிக்குப் போனேன். பானையின் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. அதைத் தூக்குவாளியில் வழித்து ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டினேன். பிறகு அவருடைய பழைய செருப்பைத் தேடி எடுத்து என் காலில் மாட்டிப் பார்த்தேன். பெரிதாக இருந்தது. வாருக்குள் துணியைச் சுற்றித் திணித்ததும் நின்றது.